இருக்கக்கூடும், இருக்கிறது

பென்வார், தெற்கு வேல்ஸ்
8 ஜூன் 2003

அன்புள்ள நெஸ்டா,

மூன்று மாதமாக நீயும் நானும் தொலைபேசியில் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து பேச்சை மாற்ற முடியாது.

நேற்று கிளெனிஸ் பெய்னன் வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். தேர்தல் வந்தால் மலைத்தெரு முழுவதற்கும் என் துண்டறிக்கைகளைத் தனியாளாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். படையில் இருந்த அவள் மகன் ரோட்ரி ஏப்ரலில் ஈராக்கில், பாஸ்ராவுக்கு வெளியே இறந்துபோனான். இருபத்திரண்டு வயது. அடக்கத்தன்று கூட்டத்தில் பேச முடியவில்லை. நேற்று தேநீரும் திராட்சை ரொட்டியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எம்லின், ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆயுதம் கிடைச்சுதா?"

"இன்னும் தேடிட்டிருக்காங்க, கிளெனிஸ்."

"நீதானே சபையில எழுந்து நின்னு இருக்குன்னு சொன்னே. எங்கே இருக்குன்னு அவங்களுக்கும் கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். போருக்கான நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டில் சாப்பிட்டாய். அரசாங்கத்தின் ஆயுத அறிக்கை அலமாரியில் கிடந்தது. "இதுல இருக்கறதெல்லாம் சரிதானே, நெஸ்டா?" என்று கேட்டேன். நீ ரசாயனம் படித்தவள். அந்த நாட்டில் ஆயுதச் சோதனைக்காக நான்கு முறை போய் வந்தவள். இந்த மாதிரி அறிக்கைகளுக்கு மூலக்குறிப்பு எழுதும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாய். நீ சரியில்லை என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நான் தலை நிமிர்ந்து 'ஆம்' வாசல் வழியாக நடந்து போருக்கு வாக்களித்தேன்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

எம்லின்


லண்டன்
15 ஜூன் 2003

எம்லின்,

ரோட்ரியின் அம்மாவுக்கு என் வருத்தத்தைச் சொல். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: தெரியும் என்றும் சொல்ல மாட்டேன், தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். வேலையில் சேர்ந்த அன்று ரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ் கையெழுத்துப் போட்டேன். கெரித் உயிரோடு இருந்தவரை, அவரிடம்கூட அலுவலக விஷயம் ஒன்றும் பேசியதில்லை. கணவரிடம் சொல்லாததைத் தம்பியிடம் சொல்வேன் என்று நீ எப்படி எதிர்பார்த்தாய்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ பாதியாக நினைவில் வைத்திருக்கிறாய். நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "நீயே படி, எம்லின். நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா படி," என்று சொன்னேன். நீ சிரித்தாய். "சரி டீச்சர்," என்றாய். அதன் பிறகு தொலைக்காட்சியில் ரக்பி ஆட்டம் போட்டுவிட்டாய்.

உன்னைப் பென்வார் மக்கள் தேர்ந்தெடுத்தது வாசிக்கவும் யோசிக்கவும்தான். அந்த வாசல் வழியாக உன்னை நான் தள்ளவில்லை. நீயாக நடந்து போனாய். இப்போது கால் வலிக்கிறது என்றால் என் செருப்பைப் பார்க்காதே.

நெஸ்டா


பென்வார்
22 ஜூன் 2003

நெஸ்டா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக.

அறிக்கையையும் படித்தேன், அதுவும் அப்போதே, இரண்டு முறை. அதில் சந்தேகம் என்ற வாசனையே இல்லை. பூச்சிமருந்து ஆலை என்ற பெயரில் நச்சு வாயு தயாரிக்கும் வசதி இருக்கிறது என்று போட்டிருந்தது. பிரதமர் முன்னுரை எழுதியிருந்தார். பென்வாரிலிருந்து வந்த நான் என்ன செய்ய வேண்டும்? வாளியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்த் தோண்டிப் பார்க்க வேண்டுமா?

மார்ச்சில் நான் பதினோரு நிமிடம் பேசினேன். பதினேழு வருடத்தில் சபை அத்தனை அமைதியாக என் பேச்சைக் கேட்டதில்லை. தயங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பிறகு என் தோளில் தட்டி, "உன் பேச்சைக் கேட்டுத்தான் முடிவு பண்ணோம்," என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பெருமை, நெஸ்டா. அதைச் சொல்ல நான் கூசவில்லை. ஒரு கொடுங்கோலனைப் பற்றித்தான் பேசினேன். அதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப வாங்க வேண்டியதில்லை, அறிக்கை உண்மையாக இருந்தால்.

அடுத்த மாதம் விவாதம் வருகிறது. தலைவர்கள் உளவுத் தகவலைத் திரித்தார்களா, தனி விசாரணை வேண்டுமா என்று. கட்சிக் கொறடா என்னைக் கூப்பிட்டு அரசாங்கத்தின் பக்கம் பேசச் சொல்கிறார். "இலையுதிர் காலத்துல அமைச்சரவை மாத்தம் வருது, எம்லின். நல்லாப் பேசறவங்களை மேலே கவனிச்சிட்டு இருக்காங்க," என்று கண்ணடித்தார்.

ஒரே ஒரு வார்த்தை சொல். யார் சொன்னது என்று என் வாயிலிருந்து வராது. சரி என்றால் பேசுகிறேன், இல்லையென்றால் உட்கார்ந்துவிடுகிறேன்.

எம்லின்


லண்டன்
26 ஜூன் 2003

எம்லின்,

இருட்டில் உன் காதில் ஓதிவிட்டு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்குத் தெரியாது. நான் சொல்வதாக இருந்தால் என் பெயரிலேயே, கேட்க உரிமை உள்ளவர்கள் முன்னால் சொல்வேன். இரவல் வார்த்தையை வைத்துக்கொண்டு நீயும் சபையில் எழுந்திருக்கக் கூடாது. உனக்கு அது பொருந்தாது.

இங்கே யார் பத்திரிகைக்காரர்களோடு பேசினார்கள் என்று ஒவ்வொருவரையும் அறைக்குள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். நான் பேசவில்லை. பேசவில்லை என்று சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் ரகசியம் எதுவும் இல்லை. அறிக்கையின் பதினான்காம் பக்கத்தை மறுபடி எடு. வினைச்சொற்களைப் பார். இத்தனை உறுதியாக ஒருவன் எழுத வேண்டுமென்றால் அவன் எதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று யோசி. பிறகு, முந்தைய வரைவுகளைக் காட்டுங்கள் என்று சபையில் கேள். எம்.பி. ஒருவர் கேட்கலாம். நான் கேட்க முடியாது.

நெஸ்டா


வெஸ்ட்மின்ஸ்டர்
20 ஜூலை 2003

அன்புள்ள நெஸ்டா,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். பேசினேன், அரசாங்கத்தின் பக்கம்.

நான் நம்புவதைத்தான் பேசினேன், நீயும் கேட்டுக்கொள். தவறு வேறு, மோசடி வேறு. நாடாள்பவனுக்கு நிச்சயம் வரும்வரை காத்திருக்கும் வசதி கிடையாது. காத்திருந்து, நாளைக்கு லண்டன் சுரங்க ரயிலில் நச்சு வாயு பரவினால், "ஏன் முன்னாடியே தெரிஞ்சும் சும்மா இருந்தே?" என்று இதே சபை கேட்கும். அரைகுறைத் தகவலை வைத்து முழு முடிவு எடுக்க வேண்டியிருப்பதுதான் தலைமை. இப்படிச் சொன்னதும் நம் பக்க பெஞ்சுகள் ஆரவாரித்தன. கொறடா கையைக் குலுக்கினார்.

வரைவுகளைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்த வரி வந்ததும் காகிதத்தைத் திருப்பிவிட்டேன். மார்ச்சில் அத்தனை பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவன் ஜூலையில் வந்து, நான் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமா? என்னால் முடியவில்லை.

பார்வையாளர் மாடத்தில் கிளெனிஸ் இருந்தாள். அவளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். விசாரணை வேண்டும் என்று நான் பேசப்போவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேச்சு முடிந்ததும் கீழே மண்டபத்தில் நின்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

"சாப்பிட்டுப் போ, கிளெனிஸ்."

"வேணாம். நல்லாப் பேசினே, எம்லின். எப்பவும் நல்லாத்தான் பேசறே."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

எம்லின்


லண்டன்
11 பிப்ரவரி 2004

எம்லின்,

ஆறு மாதத்துக்கு மேல் நான் எழுதவில்லை. இணை அமைச்சர் ஆனதற்கு வாழ்த்து அனுப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீயும் உன் மனைவியும் அனுப்பிய கூடை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அது சிறுபிள்ளைத்தனம்தான். ஷானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், உன்னிடம் அல்ல.

இதை நீ பத்திரிகையில் படிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அரசாங்கமே அமைக்க வேண்டி வந்ததே, முன்னாள் நீதிபதி தலைமையிலான விசாரணைக் குழு, அதன் முன்னால் நேற்று சாட்சி சொன்னேன். மூடிய அறையில், பெயர் போடாமல் சொல்லலாம் என்றார்கள். திறந்த அறையில் பெயரோடுதான் சொல்வேன் என்றேன். அனுமதி கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. ஆகவே இனி உன்னிடமும் சொல்லலாம்.

பதினான்காம் பக்கத்து வாக்கியம் என்னுடையது. அதாவது, முதலில் என்னுடையதாக இருந்தது. "அந்த ஆலையில் நச்சு வாயு தயாரிக்கும் வசதி இருக்கக்கூடும். உறுதிப்படுத்த முடியவில்லை," என்று எழுதியிருந்தேன். தகவல் ஒரே ஒரு ஆளிடமிருந்து வந்தது. அந்த ஆள் ஆலையின் வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. 1996இல் நான் போயிருக்கிறேன். அங்கே நான் பார்த்தது பூச்சிமருந்தும், துருப்பிடித்த குழாய்களும், எங்களுக்கு முலாம்பழம் வெட்டிக் கொடுத்த ஒரு காவல்காரரும்தான். அதற்குப் பிறகு மாறியிருக்கலாம். அதனால்தான் 'கூடும்' என்று போட்டேன். மூன்றாவது வரைவில் அந்தச் சொல் போய்விட்டது. நான்காவதில் இரண்டாவது வாக்கியமும் போய்விட்டது.

அன்றைக்கே ஒரு பக்கம் மறுப்புக் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரிவுத் தலைவர் மேசையில் வைத்தேன். "வாக்கியம் மேலே போயிடுச்சு, நெஸ்டா. இனி நம்ம கையில இல்லை," என்றார் அவர். சாட்சிக்கு நான் விண்ணப்பித்த பிறகு அதே மனிதர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் குறிப்பை வாபஸ் வாங்கிட்டா ஓய்வூதியம் சிக்கல் இல்லாம வந்துடும். ஒரே ஒரு கையெழுத்து," என்றார். "கையெழுத்து ஏற்கெனவே போட்டாச்சு. அதுக்குக் கீழேதான் என் பெயர் இருக்கு," என்றேன்.

நேற்று நீதிபதி நேரடியாகவே கேட்டார். "தலைவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்கிறீர்களா, அம்மா?"

"இல்லை, ஐயா. எங்களுக்குத் தெரியாத ஒண்ணை, அவங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?"

"நம்பினாங்களா இல்லையான்னு அவங்க மனசுக்குத்தான் தெரியும். ஆனா எங்க சந்தேகத்தை மறைச்சது காகிதத்துலயே தெரியுது."

எம்லின், ஜூலையில் நீ பேசியதற்கும் இதுதான் என் பதில். அரைகுறைத் தகவலை வைத்து முடிவு எடுக்கலாம். "எனக்கு நிச்சயமில்லை, ஆனாலும் போகிறேன், என்னோடு வாருங்கள்," என்று சொல்லட்டும். அப்போது வருவதா வேண்டாமா என்று உன்னைப் போன்றவர்கள் முடிவு செய்வீர்கள். அந்த உரிமையைத்தான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ரோட்ரி பெய்னனிடமிருந்தும்.

என்னைப் புனிதவதியாக்கிவிடாதே. அங்கே ஏதாவது ஒன்று அகப்படும் என்று நானும் நினைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்த்து, "இல்லை," என்று சொல்லியிருந்தால் சிறைக்குப் போயிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நான் முறைப்படி எழுதியாகிவிட்டது, என் கை சுத்தம் என்ற கர்வம். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அதற்காக வெட்கப்படுகிறேன். நேற்று சொன்னதற்காக இல்லை.

நெஸ்டா


பென்வார்
16 பிப்ரவரி 2004

நெஸ்டா,

சாட்சியம் முழுவதையும் படித்தேன். அச்சில் நாற்பத்து மூன்று பக்கம்.

இன்று காலை பதவியை விட்டுவிட்டேன். கொறடா, "பைத்தியமா உனக்கு? இன்னும் அஞ்சு மாசம் பொறு, விசாரணை அறிக்கை வரட்டும், எல்லாம் அமுங்கிடும்," என்றார். நூற்றுப் பத்து நாள் அமைச்சராக இருந்தேன். மீன்வளத்துக்கு. ஷான் சொல்கிறாள், மீன்கள் தாங்கிக்கொள்ளுமாம்.

மதியம் கிளெனிஸ் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, உன் மகன் போவதற்கு நான் வாக்குப் போட்டேன், அது தப்பு, ஜூலையில் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. பதினோரு நிமிடம் ஆகவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மன்னிச்சேன்னு சொல்லணும்னு வந்தியா?" என்றாள்.

"இல்லை."

"சொல்ல மாட்டேன்."

"சரி."

"ஆனா வந்து சொன்னே. வேற யாரும் இந்த வாசப்படி ஏறல." பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "இதை இங்க வந்து எங்கிட்ட சொன்னது போதாது, எம்லின். எங்கே நின்னு அதைச் சொன்னியோ, அங்கேயே நின்னு சொல்லு," என்றாள்.

சொல்வேன். என்ன பேச வேண்டும் என்று இந்த முறை உன்னிடம் கேட்க மாட்டேன்.

எம்லின்


வெஸ்ட்மின்ஸ்டர்
21 ஜூலை 2004

அன்புள்ள நெஸ்டா,

நீ லண்டனை விட்டுக் கடற்கரைக்குப் போன பிறகு எழுதும் முதல் கடிதம் இது. ஒரு விஷயத்தில் உன் கோபத்தை எதிர்பார்த்தே எழுதுகிறேன்.

விசாரணைக் குழுவின் அறிக்கை போன வாரம் வந்தது. நீயும் படித்திருப்பாய். எல்லாரும் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார்கள், தனிப்பட்ட யார்மீதும் குற்றம் இல்லை, ஆனால் 'வரைவின் எச்சரிக்கைகள் வழியில் உதிர்ந்துவிட்டன'. இலை உதிர்வதுபோல, பறித்தவர் யாரும் இல்லை. உன் மறுப்புக் குறிப்பு ஒரு அடிக்குறிப்பில் வருகிறது: 'ஓர் அலுவலர் கவலை தெரிவித்தார்.' திறந்த அறையில், பெயர் சொல்லி நின்றவளை 'ஓர் அலுவலர்' ஆக்கிவிட்டார்கள்.

நேற்று விவாதம். மாலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சபையில் முக்கால்வாசி காலி. மார்ச்சிலும் ஜூலையிலும் நான் பேசியதை அவைக்குறிப்பிலிருந்து எடுத்து, நானே வாசித்தேன். நம் பக்க பெஞ்சிலிருந்து ஒருவர், "உக்காருய்யா, அமைச்சர் பதவி போன வயித்தெரிச்சல்," என்றார். "போகலை நண்பரே, நான் திருப்பிக் கொடுத்தேன். உங்களுக்கு வேணும்னா இன்னும் சூடாத்தான் இருக்கு," என்றேன். சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு முறையும் நான் தப்பு என்று சொன்னேன். உளவுத் தகவலைப் பயன்படுத்துவது வேறு, அதை வக்கீல் வாதம்போல ஒரு பக்கமாகவே அடுக்குவது வேறு, நம் கைக்கு வந்தது இரண்டாவது என்றேன். கேட்கும் கடமை எனக்கு இருந்தது, கைதட்டலுக்காக அதை விட்டேன் என்றேன். கடைசியில் அந்த அடிக்குறிப்பை வாசித்தேன்.

"அந்த ஓர் அலுவலருக்குப் பெயர் இருக்கிறது, சபாநாயகர் அவர்களே. நெஸ்டா ப்ராபெர்ட். இந்தக் கட்டடத்தில் நானூறு பேர் நம்பிக்கையோடு நடந்து போனபோது, ஒரு சொல்லுக்காகத் தனியாக நின்றவர். அவர் என் அக்கா. அவரிடம் நான் சரியாகக் கேட்கவில்லை. இந்தச் சபையும் கேட்கவில்லை."

உன்னிடம் அனுமதி வாங்கவில்லை. திட்டுவதென்றால் திட்டு. ஆனால் அவைக்குறிப்பில் உன் பெயர் ஏறிவிட்டது. அதை இனி எந்த வரைவிலும் யாரும் அடிக்க முடியாது.

கட்சிக் கிளையில் வெள்ளிக்கிழமை கூட்டம். அடுத்த தேர்தலில் எனக்கு இடம் இல்லை என்று ஷானுக்கு இப்போதே சேதி வந்துவிட்டது. பதினெட்டு வருடம். மார்ச் பேச்சுதான் என் வாழ்க்கையின் நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நெஸ்டா. நேற்றுப் பேசியது ஏழே நிமிடம்தான். யாரும் தோளில் தட்டவில்லை. மாடத்தில் கிளெனிஸ் மட்டும் எழுந்து நின்றாள். காவலர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

எம்லின்


அபர்வென்
27 ஜூலை 2004

அன்புள்ள எம்லின்,

திட்டுகிறேன். என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதனால் நீ கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இந்த விஷயத்தில் இதற்குமேல் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதே.

அவைக்குறிப்பை இங்கே நூலகத்தில் வரவழைத்துப் படித்தேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. 'தனியாக நின்றவர்' என்பதில் ஒரு திருத்தம்: என் பிரிவில் இன்னும் இரண்டு பேர் வாய்மொழியாக மறுத்தார்கள். அடுத்த முறை சரியாகச் சொல். மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. இதைவிட நன்றாக நீ பேசியதில்லை.

கிளையில் என்ன முடிவு செய்தார்கள் என்று ஷான் தொலைபேசியில் சொன்னாள். நீ தோட்டத்தில் பீன்ஸுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருப்பதாகவும், கம்பு ஒன்றும் நேராக நிற்கவில்லை என்றும் சொன்னாள். வருத்தப்படுகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை வேறு மாதிரி எழுதப் பார்க்கிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது, எம்லின். நீ முதல் முறை வென்ற இரவில்கூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் வழிபாடு முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே நான் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. லண்டனில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக எல்லா ஊரிலும் சொன்னது அதுதான், நாக்கே பழகிவிட்டது. மார்வித் என்று ஒரு அம்மாள், எண்பது வயது இருக்கும், கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"ஏம்மா, ரேடியோவுல ஒரு பேரு சொன்னாங்களே, நெஸ்டா ப்ராபெர்ட்னு. நீ நெஸ்டாதானே. அது யாரு, உனக்குச் சொந்தமா?"

தேநீர்க் கெண்டியைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஏதாவது சொல்லி மழுப்ப எனக்கு நன்றாகத் தெரியும். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான்தான் அது," என்றேன். "பேசினாரே எம்.பி., அவரோட அக்கா."

நெஸ்டா